நாலு சில்லு வீடு

வீட்டையும் வளவையும் அசையாச் சொத்து என்றும், வண்டி வாகனங்களை அசையும் சொத்து என்றும் பிரித்து எழுதுவது நொத்தாரிசுமாரின் வழக்கம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சொத்துக்கு நான் உடையவனாகி விட்டேன். அதை உறுதியில் என்ன பெயரிட்டு எழுதுவது என்று எங்கள் ஊர் நொத்தாரிசையே ஒருநாள் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "மாஸ்ரர், இதை ஆரும் வாங்குவினம் எண்டு நினைக்கிறியளோ?" என்று கேட்டாரேயன்றி வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தச் சொத்து யாதெனில், 1996ஆம் ஆண்டில் யப்பானில் செய்யப்பட்ட ஒரு ரொயோட்டா ஹைஏஸ் வான். நம்மவர் 'டொல்பின்' என்று செல்லப் பெயரிட்டு அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது, 2.8 லீற்றர் டீசல் இயந்திரம் கொண்டது. பல வருடங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது. ஆசனங்களின் முதுகுப் புறத்தில் பிள்ளைகள் கவராயத்தால் கீறி வைத்த பெயர்கள் நிறைய இருந்தன. முப்பத்துநான்கு வருடம் கணிதம் படிப்பித்தவன் என்ற முறையில், கவராயம் எதற்கெல்லாம் பயன்படுகிறது என்பதைக் கண்டு பெருமூச்சு விட்டேன்.

2023 ஆவணியில் அதை வாங்கினேன். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின் இந்நாட்டில் பழைய வாகனங்களுக்கு எத்தகைய மதிப்பு உண்டாயிற்று என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான் கொடுத்த விலையை இங்கே எழுதப் போவதில்லை. ரொறன்ரோவில் வசிக்கும் என் மகன் இப்பத்திரிகையைத் தவறாமல் வாசிப்பவன்.

எழுபது வயதை எட்டிப் பிடித்தவனுக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்கலாம். ஆசையன்று, என் மனைவியின் முதுகெலும்பே காரணம். 2021ஆம் ஆண்டில் அவளுக்கு முதுகில் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பின் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது என்பது வைத்தியரின் கட்டளை. அவளுடைய ஒரே தமக்கை இருப்பதோ திருகோணமலையில். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொறவப்பொத்தானை வழியாகச் சுமார் 230 கிலோமீற்றர். சகோதரிகள் இருவரும் கடைசியாக நேரிற் பார்த்துக்கொண்டது 2019இல். பின்பு கொரோனா வந்தது. அதன் பின் சத்திரசிகிச்சை. அது ஆறிவர, 2022இல் எரிபொருள் வரிசை. இவையெல்லாம் தீர்ந்த பின்பும் அவள் புறப்படவில்லை.

வாடகைக் கார் பிடிக்கலாம், வழியில் இறங்கி இறங்கிப் போகலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "இப்ப என்ன அவசரம்?" என்பதே விடை. முதுகுவலிக்குப் பயப்படுகிறாள் என்றே எண்ணியிருந்தேன். உண்மை வேறு. வவுனியாவில் ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போக வேண்டி வந்தபோது, முதல்நாள் மாலையில் கொடுத்த தேநீரை அவள் வேண்டாம் என்று தள்ளினாள். இரவுச் சாப்பாட்டின் பின் ஒரு மிடறு தண்ணீரும் குடிக்கவில்லை. காரணத்தை வற்புறுத்திக் கேட்டதற்கு, "வழியிலை எங்கை போறது?" என்றாள் மெல்லிய குரலில்.

நாற்பத்தைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்கிறோம். கதிர்காமம், கண்டி, கொழும்பு என்று எத்தனை பிரயாணங்கள்! ஒவ்வொன்றுக்கும் முதல்நாள் இரவே அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி விடுவாளாம். அவளுடைய தாயாரும் அப்படியே செய்தாராம். தமக்கையும் அப்படியேதானாம். ஆண்பிள்ளைகளுக்கு வேலியோரம் போதும். அதனால் இவ்விடயம் நம் மூளைக்கு எட்டுவதில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

விடியற்காலையில் என் பாட்டனாரின் கூடார வண்டி நினைவுக்கு வந்தது. சந்நிதித் திருவிழாவுக்குப் போகும்போது வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் பாய் விரித்து, பெண்களும் பிள்ளைகளும் படுத்துக்கொள்ள, பானை சட்டிகள் அச்சுக்குக் கீழே தொங்கியாடும். மரநிழல் கண்ட இடத்தில் மாட்டை அவிழ்த்து அடுப்பு மூட்டி விடுவார்கள். வீட்டை வண்டியில் ஏற்றும் வித்தை நமக்குப் புதிதன்று. வெள்ளைக்காரருள் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வுபெற்ற கடற்படை வைத்தியர் 1885இல் உல்லாசப் பிரயாணத்துக்கென்றே குதிரை இழுக்கும் வீட்டு வண்டியொன்றைச் செய்வித்தார் என்றும், 1951இல் ஜேர்மனியின் வெஸ்ற்பாலியா நிறுவனம் வொக்ஸ்வாகன் வானுக்குள் வைக்கத்தக்க கட்டில்-அலுமாரிப் பெட்டியை உண்டாக்கியது என்றும் படித்திருக்கிறேன். என் பாட்டனார் இவர்கள் ஒருவரையும் அறியார்.

வண்டியை முற்றத்து மாமரத்தின் கீழ் நிறுத்தி வேலையைத் தொடங்கினேன். ஆசனங்களின் தொகை பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும் விடயம். ஆதலால் உரிய இடத்தில் விசாரித்து, வேண்டிய பத்திரங்களைக் கொடுத்த பிற்பாடே பின் ஆசனங்களைக் கழற்றினேன். சாரதிக்குப் பின்னால் ஒரு வரிசையை மட்டும் ஆசனப்பட்டியோடு விட்டுவைத்தேன். அதற்குப் பின்னே கிடைத்த இடம் நீளத்தில் ஆறடி இரண்டங்குலம், அகலத்தில் ஐந்தடி, உயரத்தில் நாலேகாலடி. எங்கள் வீட்டுக் குசினி அலுமாரிகூட அதனிலும் பெரிதென்று மனைவி சொன்னாள்.

கம்பள விரிப்பை உரித்ததும் முதல் அதிர்ச்சி காத்திருந்தது. உப்புக்காற்று வீசும் ஊர்களில் ஓடிய வாகனம் வெளியே மினுங்கினாலும் உள்ளே அழுகியிருக்கும். பின் சில்லுகளின் வளைவிலும் வாசற்படியின் அடியிலும் தகரம் அப்பளம்போல் உதிர்ந்தது. ஓரிடத்தில் என் உள்ளங்கை நுழையும் ஓட்டை. கம்பித் தூரிகையால் துரு முழுவதையும் சுரண்டி, ஓட்டைகளுக்குப் புதுத் தகரம் வைத்து ஒட்டுவித்து, துருத்தடுப்புச் செந்நிற வர்ணத்தை இரண்டு முறை பூசி முடிக்க மூன்று மாதம் சென்றது. பழைய வான் வாங்க எண்ணுவோர் வெளிவர்ணத்தைப் பார்த்து மயங்காமல், விரிப்பைத் தூக்கி, குனிந்து, கீழே படுத்துப் பார்த்து வாங்குக. நான் அங்ஙனம் செய்யவில்லை.

குனிந்து பாராமையால் வந்த கேடு இன்னுமொன்று. நிலத்துப் பலகைக்குத் திருகாணி இறுக்குவதற்காக உள்ளிருந்தபடியே துளையிட்டேன். ஒன்பதாவது துளையின்போது எங்கள் தச்சாசாரியார் வந்து, வண்டியின் கீழே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், எழும்பி இஞ்சை வாருங்கோ" என்றார். துளைகருவியின் முனை வெளிப்பட்ட இடத்துக்கும் பிரேக்குக்குச் செல்லும் எண்ணெய்க் குழாய்க்கும் இடையே ஒரு விரற்கடையே இருந்தது. அதன் பின் ஒவ்வொரு துளைக்கும் முன்பாக நான் நிலத்திற் படுத்தெழும்பினேன். இவ்விதமாகத் தேகாப்பியாசமும் நடந்தது.

குளிர் நாட்டவர் சூட்டைக் காப்பதற்கு வண்டியின் உட்புறம் உறையிடுவார்கள். நமக்குச் சூட்டை விலக்குவதற்கு அது வேண்டும். பங்குனி வெயிலில் மூடிய வானுக்குள் ஐந்து நிமிடம் இருந்து பார்த்தவர்க்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஒருபுறம் அலுமினியத் தாள் ஒட்டிய நுரைத்தாளைக் கூரையின் உட்புறத்தில் பதித்து, சிறிது இடைவெளி விட்டு மெல்லிய ஒட்டுப்பலகையால் மூடினேன். பொதி கட்ட வரும் றெஜிபோம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் தீப்பற்றினால் கரும்புகை கக்கிக்கொண்டு எரியும். வேண்டாம் என்று விட்டேன்.

கதவுகளுக்குள்ளும் அதே நுரைத்தாளை நிறைய அடைத்து என் திறமையை மெச்சிக்கொண்டேன். மார்கழி மழை வந்தது. கதவைத் திறந்தால் குளம் உடைந்ததுபோல் உள்ளே நீர் தளம்பும் சத்தம்! கண்ணாடி வழியே வடியும் மழைநீர் வெளியேறுவதற்குக் கதவின் அடியில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள் என்பதையும், அவற்றை நானே அடைத்துவிட்டேன் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். முழுவதையும் பிடுங்கியெடுக்க ஒரு கிழமை.

வெள்ளை நிறக் கூரை வெயிலை அதிகம் வாங்காது. வண்டியும் வெள்ளையாகவே இருந்தது நல்லதென்று நான் மகிழ்ந்தபோது, மனைவி ஒன்றும் பேசாமல் நின்றாள். 'வெள்ளை வான்' என்னும் சொல்லுக்கு ஒரு காலத்தில் நம்மிடையே இருந்த பொருளை நான் எழுதத் தேவையில்லை. மறுநாள் ஒரு டப்பா மஞ்சள் வர்ணம் வாங்கிவந்து நாலு பக்கமும் பட்டையாக ஒரு கோடு இழுத்தேன். அதன் பின்னரே அவள் வண்டியின் உள்ளே வந்து பார்த்தாள்.

வந்து பார்த்தவள் முதலிற் கேட்டது கட்டிலின் உயரம். நான் அடியிற் பெட்டிகள் வைப்பதற்கு வசதியாக இருபத்திரண்டு அங்குலம் போட்டிருந்தேன். அவள் அதில் உட்கார்ந்து, நிலத்தில் முட்டாமல் தொங்கும் தன் பாதங்களைக் காட்டினாள். முதுகு நோயாளிக்குக் கால் ஊன்றி எழும்ப வேண்டும். பதினாறு அங்குலத்துக்கு இறக்கினோம். மெத்தையும் பஞ்சாக இருத்தலாகாது. இறுக்கமான தும்பு மெத்தை தைப்பித்தோம். பாரத்தைக் குறைக்கப் பெட்டிகளுக்கு ஒன்பது மில்லிமீற்றர் பலகை போதுமென்று ஆசாரியார் சொன்னார். நாற்பது லீற்றர் தண்ணீர் நாற்பது கிலோ என்பது நாலாம் வகுப்புக் கணக்கு. ஆயினும் அந்தத் தாங்கியை முதலில் மேல்தட்டில் வைத்தவன் கணித ஆசிரியன்தான். வளைவில் வண்டி சாய்ந்த சாய்வைக் கண்டு, பாரமானவை யாவும் கீழே, இடமும் வலமும் சமனாக இருக்கும்படி மாற்றினேன்.

மின்சாரக் கணக்கில் மட்டும் நான் தவறவில்லை. பதினைந்து வாற்று விசிறி இரண்டு, எட்டு மணித்தியாலம்: 240. விளக்குகளும் தொலைபேசியும் 60. ஆக, ஓர் இரவுக்கு 300 வாற்று மணி. நூறு அம்பியர் மணிப் பற்றறி ஒன்றில் 1200 உண்டு. ஈயப் பற்றறியாதலால் அதிற் பாதியையே எடுக்கலாம். எனவே சூரிய ஒளி இல்லாவிட்டாலும் இரண்டு இரவுகள் தாங்கும். கணக்குச் சரி, ஆனால் வாங்கிய பற்றறி பிழை. மலிவாகக் கிடைத்ததென்று லொறியை இயக்கும் பழைய பற்றறியை வாங்கி வந்தேன். இயந்திரத்தை ஒரு கணம் உதைத்து எழுப்புவதற்கென்று செய்யப்பட்டது அது. மெல்ல மெல்ல ஆழமாக வடித்தால் உயிரை விட்டுவிடும். ஒரு மாதத்தில் விட்டது. ஆழமாக வடிப்பதற்கென்றே வேறு வகை உண்டென்று தொழில்நுட்பக் கல்லூரியிற் படிக்கும் அயல்வீட்டுப் பையன் சொல்லித் தந்தான். கூரையில் நூறு வாற்றுச் சூரியத் தகடு பொருத்தியதும் அவனே. பற்றறியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும், வயர் தகரத்தின் விளிம்பைக் கடக்குமிடத்தில் றப்பர் வளையம் இருக்க வேண்டும் என்பவற்றில் அவன் பிடிவாதமாக நின்றான். பியூஸ் காப்பது விளக்கையன்று, வயரை. வயர் சூடேறினால் பலகையும் மெத்தையும் பற்றும் என்று அவன் விளக்கியபோது, மாணவர் வரிசையில் அமர்ந்திருப்பதன் சுகத்தை அறிந்தேன்.

உள்ளே எரிவாயு அடுப்பு வைப்பதற்கு மனைவி இடங்கொடுக்கவில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகளை அவள் மறக்கவில்லை. அவளுடைய பயத்தில் நியாயமும் உண்டு. அவ்வாயு காற்றிலும் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் வண்டியின் நிலத்திலேயே தேங்கும். அன்றியும், மூடிய வண்டிக்குள் எந்த அடுப்பை எரித்தாலும் மணமில்லாத நச்சுவாயு சேர்ந்து நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். ஆகவே மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, அதுவும் வண்டிக்கு வெளியே, மரத்தடியில். தீயணைக்கும் குப்பி மட்டும் உள்ளே, கை எட்டும் இடத்தில்.

முக்கியமான விடயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். கட்டிலின் கால்மாட்டில், பார்ப்பவர்க்குப் பெட்டிபோல் தோன்றும் ஓர் ஆசனம். மூடியைத் தூக்கினால் இறுக்கமாக மூடத்தக்க வாளி. சுற்றிவர இழுக்கும் தடித்த திரை. பக்கத்தில் கைபிடித்து எழும்புவதற்கு ஒரு குழாய். இதைச் செய்ய இரண்டு நாள் போதுமாயிருந்தது. பத்தொன்பது மாத வேலையில் அந்த இரண்டு நாள் வேலைக்காகத்தான் முழு வண்டியுமே.

பத்தொன்பது மாதமா என்று வாசகர் திடுக்கிடலாம். திடுக்கிட வேண்டியவன் நான். 2025 தை மாதத்தில் வண்டி ஓடத்தக்க நிலையில் இருந்தது. அலுமாரிக் கதவுகள் மட்டும் குறை. அக்கதவுகளுக்குப் பலா மரம் தேடினேன், பிணைச்சல் தேடினேன், ஒரு கதவு கால் அங்குலம் கோணியதென்று திருப்பி அனுப்பினேன். இதற்கிடையில் திருகோணமலையில் மைத்துனி கால் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் தொலைபேசியில் அவர் குரல் ஒரு பிடி இறங்கியிருந்தது. அன்றிரவு முற்றத்தில் நான் கதவொன்றை இழைத்துக்கொண்டிருக்கையில் மனைவி வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அக்காவுக்கு எண்பத்தொண்டு வயசு. அவ உங்கடை அலுமாரிக் கதவைப் பாக்கக் காத்திருக்கேல்லை."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டேன்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் அதிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். வண்டி ஓடும்போது ஒருவரும் கட்டிலிற் படுக்கலாகாது. சடுதியாகப் பிரேக்குப் பிடித்தால் படுத்திருப்பவர் எறியப்படுவார். ஆதலால் ஐம்பது நிமிடம் ஆசனத்தில் பட்டி கட்டிப் பிரயாணம், அரைமணி கட்டிலில் ஓய்வு என்று நேரசூசி வகுத்திருந்தேன். முதல் தரிப்பு ஆனையிறவு. உப்பளத்துப் பக்கமாகச் சாம்பல் நிறத்தில் விடிந்துகொண்டிருந்தது. பின்கதவை மேலே தூக்கிவிட்டதும் காற்று கூசாமல் உள்ளே வந்தது. அவள் முதுகை நீட்டிப் படுத்தாள். நான் வெளியில் அடுப்பை மூட்டித் தேநீர் வைத்துக் கொடுத்தேன். வாங்கினாள், கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் திரையைப் பார்த்தாள், குடித்தாள். பின்பு வெறுங் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டாள்.

முறிகண்டியில் எல்லா வாகனங்களையும் போல நாங்களும் நின்று, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினோம். ஓமந்தைக்கு அப்பால் ஒரு மருத மர நிழலில் சோறும் பருப்பும் ஆயின. வவுனியா, ஹொறவப்பொத்தானை என்று தரித்துத் தரித்துத் திருகோணமலையை அடையப் பிற்பகல் மூன்று மணி. பஸ்ஸில் வந்தவர்கள் காலையிலேயே வந்து ஒரு நித்திரையும் கொண்டு எழும்பியிருப்பார்கள்.

மைத்துனியின் ஒழுங்கைக்குள் வண்டி போகாது. வாசலில் ஒரு வேப்பமரம். அதன் கீழ் நிறுத்தினேன். மனைவி இறங்குவதற்கு முன்பே பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்தபடி அவர் வந்துவிட்டார். ஆறு வருடத்துக்குப் பின் தங்கையைக் காண்பவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வண்டிக்குள் தலையை நீட்டி, கட்டிலைத் தட்டிப் பார்த்து, "மாஸ்ரர், அலுமாரிக்குக் கதவு எங்கை?" என்றார். பின்பு உள்ளே ஏறி மெத்தையில் அமர்ந்தார். தங்கையும் பக்கத்தில் அமர்ந்தாள். திரையை இழுத்துவிட்டார்கள். இரண்டு மணித்தியாலம் நான் வெளியில் ஒரு கதிரையில் காவல் இருந்தேன். உள்ளே நடந்த சம்பாஷணையில் சிரிப்பு மட்டுமே எனக்குக் கேட்டது.

மூன்று நாள் தங்கினோம். இரண்டாம் நாள் மைத்துனி கடல் பார்க்க வேண்டும் என்றார். திருகோணமலையில் இருந்துகொண்டு கடலைக் கண்டு மூன்று வருடமாம்! நிலாவெளிப் பக்கம் போனோம். பழைய வான் மணலில் புதைந்தால் இழுப்பதற்கு ஆள் கிடைக்காதென்று இறுகிய தரையிலேயே நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டேன். சகோதரிகள் இருவரும் கடலை நோக்கித் தலைவைத்து, குப்புறப் படுத்து, நாடிக்குக் கை கொடுத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருமுறை திரை இழுபடும் சத்தம் கேட்டது. மைத்துனி, "என்னட்டை இப்பிடி ஒண்டு இருந்திருந்தால் நான் எத்தினை இடம் போயிருப்பன்" என்று சொன்னது காதில் விழுந்தது. கேளாதவன்போல் நான் அடுப்புத் திரியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

புறப்படும்போது அவர் தம் தாயாரின் பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து கதவில்லாத அலுமாரித் தட்டில் வைத்தார். வழியிலே தண்ணீர் குடிக்க என்றார். அது வவுனியா வரைக்கும் தட்டில் உருண்டு உருண்டு மணியடித்தபடி வந்தது. அதற்கு மேல் பொறுக்க மாட்டாமல் மனைவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆவணியில் மீண்டும் போவதாக இருந்தோம். அதற்கு முன் ஆசாரியார் வந்து கதவுக்கு அளவெடுத்தார். கதவு எப்படியும் கோணட்டும், செம்பு அசையாமல் இருப்பதற்குத் தட்டில் ஒரு வட்டம் வெட்டினாற் போதும் என்று மனைவி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.